கடல்மல்லையிலிருந்து இடவெந்தைக்கு: பெரிய திருமொழியின் வரிசையும் ஒரு வழிநடையும்

பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் நான்காம் திருமொழி திருநீர்மலைக்கு உரியது. ஐந்தாம் ஆறாம் திருமொழிகள் திருக்கடல்மல்லைக்கு. ஏழாம் திருமொழி திருவிடவெந்தைக்கு. எட்டாவது கச்சி அட்டபுயகரத்துக்கு. திவ்யப்ரபந்தம் ஸேவிக்கும் எவரும் இவ்வரிசையை அறிவர். ஆயினும் நீர்மலையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரை வழியே வருகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது இடவெந்தை. அதற்குத் தெற்கே பதினாறு பதினேழு கிலோமீட்டர் கடந்த பின்னரே மல்லை. ஆழ்வார் அருகிலிருந்த ஊரைத் தாண்டிச் சென்று, அப்பாலுள்ள நகரைப் பாடிவிட்டு, மீண்டு வந்து அருகிலிருந்ததைப் பாடியது ஏன்? இக்கேள்விக்கு அடியேன் முன்பொரு விடை எழுதினேன். அது தவறு. தவற்றை அச்சில் செய்தவன் அச்சிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறையாகையால் இதனை எழுதலானேன்.

1976-ஆம் ஆண்டு, அடியேனுக்கு இருபத்தேழு வயது. ஒரு சிறப்பு மலருக்கு ஆழ்வார்களின் திவ்யதேச யாத்திரை பற்றிக் கட்டுரை கேட்டிருந்தனர். கல்வெட்டறிஞர்களின் நூல்களைப் புதிதாகப் படித்திருந்த காலம். எதையும் வரைபடத்தின் மேல் வைத்து அளந்து பார்க்கவேண்டும் என்கிற வேகம். திருவேங்கடம், திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை என்று வடக்கிலிருந்து தெற்காக அழகாக இறங்கி வருகிற வரிசை, இந்த இரண்டு ஊர்களில் மட்டும் தலைகீழாக நிற்பதைக் கண்டேன். உடனே, “ஏடெடுத்து எழுதினோர் கையில் பதிகங்கள் முன்பின்னாக மாறியிருக்க வேண்டும்; இடவெந்தைப் பதிகமே முதலில் நின்றிருக்கும்” என்று எழுதிவிட்டேன். அக்கட்டுரையைச் சிலர் மெச்சினர். அதுவே எனக்குக் கேடாயிற்று.

என் தகப்பனார் ஒரு திவ்யதேசத்தில் பரம்பரையாகக் கைங்கர்யம் செய்துவந்தவர். எனக்கு அக்ஷரம் முதல் வியாக்கியானம் வரை சொல்லிக் கொடுத்தவரும் அவரே. நான் பள்ளிக்கூடத்து நிழலில் ஒதுங்கியவன் அல்லன். மலரைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் திருவாராதனம் முடிந்தபின், “ஏடு மாறும்டா. கோஷ்டி மாறுமோ?” என்று கேட்டார். அவ்வளவுதான். அதன் பொருள் எனக்கு விளங்காமலில்லை. ஏட்டை மட்டும் நம்பிய நூலானால் ஓலை புரண்டு பாட்டு மாறலாம். திருமொழியோ ஊர்தோறும், ஆண்டுதோறும், பலர் கூடி வாயால் ஸேவித்து வருவது. ஓரூர் ஏட்டில் பதிகம் மாறினால் அடுத்த ஊர் கோஷ்டியில் அது மாறாமல் நிற்கும்; இரண்டும் சந்திக்கும் முதல் உத்ஸவத்திலேயே பிழை வெளிப்படும். எல்லாத் திவ்யதேசங்களிலும் ஒரே வரிசை வழங்குகிறது என்றால் அவ்வரிசையைக் கைப்பிழை என்று தள்ளுதற்கு மிகப் பெரிய சான்று வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு வரைபடம்.

“நீ அந்த வழியிலே நடந்திருக்கியோ?” என்பது அவருடைய இரண்டாம் கேள்வி. இல்லை என்றேன். “அப்போ போய்ட்டு வரலாம்” என்றார்.

1977 தை மாதத்தில் போனோம். முதல்நாள் மாலையே மல்லைக்குச் சென்று, திருவந்திக்காப்பு வேளையில் ஸ்தலசயனப் பெருமாளை ஸேவித்தோம். ஆதிசேஷனாகிய படுக்கையின்றி வெறுந்தரையில் கிடக்கிறவர். திருவடியருகே புண்டரீக மஹரிஷி. உத்ஸவருக்கு உலகுய்ய நின்றான் என்று திருநாமம், தாயார் நிலமங்கை நாச்சியார். ஐப்பசி அவிட்டத்தில் பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்ததும் இவ்வூரிலேயாகும். தலசயனம் என்று ஆழ்வார் பாடியது ஊருக்குள் இன்று நாம் ஸேவிக்கும் இக்கோயிலையா, கடலோரத்துக் கற்றளியில் இரண்டு சிவன் கோயில்களுக்கு நடுவே பாறையிலேயே வடித்துக் கிடக்கும் பெருமாளையா என்பது தனி வழக்கு. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அக்கற்றளியில் க்ஷத்ரியசிம்ம பல்லவேச்வரம், இராஜசிம்ம பல்லவேச்வரம் என்னும் இரண்டுடன் பள்ளிகொண்டருளிய தேவரையும் சேர்த்தே சொல்கிறது. தண்டியின் அவந்திஸுந்தரீ கதையில், மஹாமல்லபுரத்துக் கடற்கரையில் சயனித்த திருமாலின் முறிந்த திருக்கையை லலிதாலயன் என்னும் சிற்பி செப்பனிட்டு, ஒட்டே தெரியாதபடி பொருத்தியதை ஆசிரியரே சென்று பார்த்ததாக வருகிறது. இவ்வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. இரண்டு கோயில்களும் கூப்பிடு தூரத்தில் இருப்பவை. நம் வழிநடைக்கு எங்கிருந்து புறப்பட்டாலும் ஒன்றே.

விடியற்காலம் நான்கரை மணிக்குக் கிளம்பினோம். கடல் வற்றியிருந்த வேளை. ஈரமணல் கால் புதையாமல் கெட்டியாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு ஒரு முழம் மேலாகவே நடந்தோம். என் தகப்பனார் இரண்டாம் பத்து ஐந்தாம் திருமொழியைத் தொடங்கினார். நான் உடன் சொன்னேன். தேவனேரியைக் கடக்கையில் கிழக்கு வெளுத்தது. கட்டுமரங்கள் சில உள்ளே போய்விட்டிருந்தன. சில மணலில் அவிழ்த்துக் கிடந்தன. சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று வழங்கும் பாறையருகே சற்று உட்கார்ந்தோம். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை அவ்விடத்து மணலை அரித்து ஒரு பாறைக் கல்வெட்டை வெளிப்படுத்தியதும், அதைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்கோயிலுக்கு அடியில் மிகப் பழைய செங்கற்கோயிலோடு திருவிழிச்சில் முருகன் கோயில் வெளிவந்ததும் வெகுகாலத்துக்குப் பின். நாங்கள் அன்று அதன் அருகிலேயே, ஒன்றும் அறியாமல், அவல் தின்று கொண்டிருந்தோம்.

அதற்கு மேல் வெயில் ஏறவே கரையை விட்டு மணல்மேட்டுக்கு மேற்காக ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். சவுக்குத் தோப்புகள். சவுக்கு வெள்ளையர் காலத்தில் நட்டது. ஆழ்வார் நடந்திருந்தால் அவர் கண்டது புன்னையும் தாழையும் பனையுமாக இருந்திருக்கும். இடவெந்தையில் தலவிருக்ஷம் இன்றும் புன்னையே. பட்டிபுலம், நெம்மேலி, வடநெம்மேலி. வடநெம்மேலியில் அதற்கு முந்திய ஆண்டுதான் முதலைப் பண்ணை ஏற்பட்டிருந்தது. அதைக் கேள்வியுற்ற என் தகப்பனார், “கஜேந்திராழ்வானை இந்தப் பக்கம் வராமலிருக்கச் சொல்லு” என்றார். வழியெங்கும் அவர் செய்த பரிஹாஸம் அது ஒன்றுதான்.

பட்டிபுலத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்று அவர் மேற்கே கையை நீட்டினார். வெள்ளித் தகடு போல நீர் கிடந்தது. “அது என்ன?” என்றார். பக்கிங்ஹாம் கால்வாய் என்றேன். “கால்வாய் நேற்று வந்தது. அதுக்கு முன்னே?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் கட்டுரை கரைந்தது. 1878-இல் அப்பெயர் பெற்ற அக்கால்வாய், இக்கரையில் புதிதாக ஒரு நீரை உண்டாக்கவில்லை. நெடுக முன்பே கிடந்த கழிகளைத் தொடுத்து வெட்டியதே. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையில் நீண்ட உப்பங்கழி எக்காலத்தும் உண்டு. வடக்கே முட்டுக்காட்டில் அது அகன்று கடலோடு கலக்கிறது. ஆகவே இடவெந்தை நிற்பது, கிழக்கே கடலும் மேற்கே கழியும் வடக்கே கழிமுகமுமாக மூன்று புறமும் நீர் சூழ்ந்த ஒரு நீள்மணல் திட்டில். அதற்குக் கால் நனையாமல் வரத்தக்க திசை தெற்கு ஒன்றே. அத்தெற்கில் இருப்பது மல்லை. நாங்கள் அன்று காலை நடந்த பாதையில் ஒரு கழியைக் கூடக் கடக்கவில்லை; ஏற்றமில்லை, இறக்கமில்லை; அறுபது வயதைக் கடந்த ஒருவர் திருமொழி சொல்லிக்கொண்டே ஐந்து மணி நேரத்தில் நடந்து முடிக்கத்தக்க வழி.

நீர்மலையிலிருந்து வருகிறவனோ, கழிக்கு மேற்கே உள்நாட்டுத் தரைவழியில், கேளம்பாக்கம் திருப்போரூர் என்று இன்று வழங்கும் ஊர்களின் பக்கமாகவே தெற்கே இறங்குவான். இடவெந்தை அவனுக்கு இடக்கைப் புறத்தில், நீருக்கு அப்பால், எட்டாமல் கிடக்கும். மல்லைக்கு மேற்கேயும் நீர் உண்டு என்பது உண்மை. ஆனால் மல்லை வெறும் குப்பம் அன்று, துறைமுகப் பட்டினம். ஆறாம் திருமொழியில் ஆழ்வாரே யானைகளையும் பொற்குவியலையும் மணிக்குவியலையும் சுமந்து பாரத்தால் சாய்ந்து செல்லும் மரக்கலங்களைக் காட்டுகிறார். சோழர் காலத்திலும் ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டில் அது வணிகர் நகரமாகவே இருந்து, அவ்வூர் ஐம்பதின்மர் கூடி நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நியமம் கல்லில் ஏறியிருக்கிறது. அத்தகைய நகருக்குள் புக ஓடத்துறை இல்லாதிராது. ஆகவே யாத்ரிகன் முதலில் மல்லையை அடைந்து, அங்கே தங்கி, அங்கிருந்து வடக்கே நடந்து இடவெந்தை செல்வதே இயல்பு. வரைபடத்தில் தலைகீழாகத் தோன்றியது தரையில் நேராகவே இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் வெற்றியோடு வீடு திரும்பியிருப்பேன். மேட்டின் மேலேயே இதைச் சொல்லி, “அப்படியானால் ஆழ்வார் நடந்த வழியே பதிகவரிசை என்று ஆயிற்று” என்றேன். என் தகப்பனார் உடன்படவில்லை. இடவெந்தைக்கு அடுத்த பதிகம் கச்சி அட்டபுயகரம். இடவெந்தையிலிருந்து கச்சிக்குச் செல்கிறவன் மேற்கே கழியைக் கடந்தாகவேண்டும், அல்லது மல்லைக்கே திரும்பவேண்டும். போகும்போது கோவளத்துப் பக்கம் ஓடம் இருந்தது என்று கொண்டால், வரும்போதும் அது இருந்திருக்கும். நேரே இடவெந்தைக்கு வந்திருக்கலாமே. இது அவருடைய தடை. இன்றுவரை இதற்கு நிறைவான விடை என்னிடம் இல்லை. தரை இவ்வரிசைக்கு இடங்கொடுக்கிறது. இவ்வரிசையை அதுவே கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லமுடியாது.

சிறிய திருமடலைத் துணைக்கு அழைப்பாரும் உண்டு. அங்கே திவ்யதேசங்களை அடுக்கி வருகையில் கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை என்ற வரிசை கிடைக்கிறது. தெற்கிலிருந்து வடக்காக மிகவும் ஒழுங்கு. ஆனால் மல்லைக்கு முன்னே நிற்பது கடிகை. நீர்மலைக்குப் பின்னே வருவது மாலிருஞ்சோலை. சோளிங்கபுரத்திலிருந்து மல்லைக்கும், நீர்மலையிலிருந்து மதுரைப் பக்கத்துக்கும் ஒரே அடியில் தாண்டுகிற பட்டியலைப் பயணக் குறிப்பாகக் கொள்வது எங்ஙனம்? அங்கே ஊர்களைத் தொடுப்பது எதுகையும் மோனையும். என்றாலும் ஒன்றைக் குறித்துவைக்கலாம். திருமொழியிலும் மடலிலும் மல்லையும் இடவெந்தையும் அடுத்தடுத்தே நிற்கின்றன. இரண்டிலும் மல்லை முன், இடவெந்தை பின். இடவெந்தையைப் பாடிய ஆழ்வார் திருமங்கையாழ்வார் ஒருவரே. மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார் தம் அந்தாதியில் மல்லையைச் சொல்லி, அரை நாள் நடைத் தொலைவிலுள்ள இடவெந்தையைச் சொல்லவில்லை. அதைக்கொண்டு அவர் காலத்தில் இடவெந்தைக் கோயில் இல்லை என்று முடிவு கட்டுவார் கூற்றை நான் ஏற்பதில்லை. பாடாமை இல்லாமைக்குச் சான்று ஆகாது.

வழியே வரிசைக்குக் காரணம் அன்றென்றால் வேறு என்ன? இங்கேதான் தலபுராணங்களை வரலாற்றுக்காரர் எளிதில் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இவ்விரண்டு ஊர்களையும் பற்றி வழங்கும் கதைகள் மூன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாரில்லை.

முதலாவது புண்டரீக மஹரிஷி கதை. தாமரைப் பூக்களைப் பறித்துக் கூடையில் இட்டு, திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடியில் சேர்க்கவேண்டும் என்று வந்தவருக்குக் கடல் குறுக்கே கிடந்தது. கையால் நீரை இறைத்துக் கடலை வற்றச் செய்ய முற்பட்டார். ஒரு கிழவர் வந்து பசி என்றார். அன்னம் கொண்டுவரச் சென்ற முனிவர் மீண்டு வந்து பார்க்கையில், அந்தக் கிழவரே அவர் பறித்த பூக்களை ஏற்றுக்கொண்டு தரையில் சாய்ந்திருந்தார்.

இரண்டாவது, மல்லையில் குன்றின் மேற்குப் புறத்திலுள்ள ஆதிவராஹர் குகைக்கோயிலைப் பற்றியது. சிம்மவிஷ்ணு, மஹேந்திரன் என்று பெயர் பொறித்த அரசர் உருவங்கள் உள்ளமையால் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்த கோயில். ஸம்ப்ரதாயத்தில் அதற்குத் திருவலவெந்தை என்று பெயர். மல்லையில் இருந்த ஓர் அரசன் நாள்தோறும் இடவெந்தைக்குச் சென்று வராஹப் பெருமாளை ஸேவித்து மீள்வான்; அவன் சிரமத்தைத் திருவுள்ளம் பற்றி, எம்பெருமான் முதியவராயும் நாச்சியார் சிறு பெண்ணாயும் மல்லைக்கே எழுந்தருளி அவனுக்குக் காட்சி தந்தனர் என்பது கதை. இடவெந்தையில் திருவை இடத்தில் உடையவன் இங்கே வலத்தில் உடையவன் ஆனான். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். நாள்தோறும் நடக்க அரசனுக்குப் பொழுது ஏது என்று கேட்பர். கேட்கட்டும். அரசன் பெயரையும் பலவாறு சொல்கிறார்கள். அதை வைத்து நான் வம்சாவளி எழுதவில்லை. எனக்கு வேண்டுவது கதையின் திசை. மல்லையிலிருந்து இடவெந்தைக்கு நாள்தோறும் போய்வரும் வழி ஒன்று உண்டு என்பதை இக்கதையைச் சொன்னோரும் கேட்டோரும் ஐயமின்றி அறிந்திருந்தனர். நடுவே ஒரு பெருங்கழி கிடந்திருந்தால் இக்கதை பிறந்திராது. பிறந்திருந்தாலும் அதில் ஓர் ஓடக்காரன் வந்திருப்பான்.

மூன்றாவது இடவெந்தைக்கே உரியது. காலவ மஹரிஷிக்கு 360 பெண்கள். பிரமசாரியாக வந்த எம்பெருமான் நாளுக்கு ஒருத்தியாக ஓராண்டு முழுதும் மணந்து, முடிவில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதனால் அகிலவல்லி நாச்சியார் என்றும், நித்யகல்யாணப் பெருமாள் என்றும் திருநாமங்கள். திருமணம் தடைப்பட்டவர்கள் மாலை சாற்றிப் பிரதக்ஷிணம் செய்ய இன்று நாள்தோறும் கூடுவது இதுபற்றியே.

மூன்றிலும் எலும்பு ஒன்றே. புறப்பட்டவன் சேதனன், வந்து சேர்ந்தவன் எம்பெருமான். முனிவரால் கடலைக் கடக்க முடியவில்லை, அரசனால் வழியைக் குறைக்க முடியவில்லை, காலவரால் தம் பெண்களுக்கு வரன் தேட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வழியை நடந்து தீர்த்தவன் அவனே.

இப்போது மூன்று பதிகங்களையும் வரிசையாக நோக்கலாம். ஐந்தாம் திருமொழியில் ஆழ்வார், தாம் தலசயனத்தில் அவனைக் கண்டுகொண்டதைப் பாட்டுதோறும் சொல்கிறார். சென்றவரும் கண்டவரும் தாமே. ஆறாம் திருமொழியில் அவனை நினையாதாரைத் தம் நெஞ்சாலும் நினையோம் என்று விலக்கி, நினைப்பாருக்கு ஆட்படுகிறார். கண்ட பேறு அடியார்க்கு அடிமையாகிற பேறாக முதிர்கிறது. ஏழாம் திருமொழியில் பேசுவது ஆழ்வாராகிய ஆண்மகன் அல்லன், ஒரு தாய். தன் பெண்ணின் நிலையை இடவெந்தை எம்பெருமானிடம் விண்ணப்பித்து, இவள் விஷயத்தில் உன் திருவுள்ளம் என்ன என்று கேட்கிறாள். அப்பெண்ணால் நடக்க முடியாது. கண்டேன் என்று சொல்லவும் முடியாது. தானாகப் பேசவும் முடியாமல் அவளுக்காகத் தாய் பேசுகிறாள். இனிச் செய்யவேண்டியது எதுவும் அவள் பக்கத்தில் இல்லை.

ஸ்வகதஸ்வீகாரம், பரகதஸ்வீகாரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வகுத்துக் காட்டிய இரண்டினுள், நாம் அவனைப் பற்றுதலினின்றும் அவன் நம்மைப் பற்றுதலுக்குச் செல்லும் வழியன்றோ இது? இதில் இரு கலையார்க்கும் உள்ள கருத்து வேறுபாட்டை நான் அறியாதவன் அல்லன். அதை இங்கே கிளற விருப்பமுமில்லை. இத்தனை மட்டும் எவரும் ஒப்புவர்: தாயின் பேச்சு, கண்டேன் என்னும் பேச்சுக்கு முன்னே நிற்க இயலாது. இடவெந்தைப் பதிகத்தை முன்னே தள்ளி, மல்லைப் பதிகங்களைப் பின்னே வைத்துப் பாருங்கள். நடக்கமாட்டாதவளாகத் தொடங்கி, நடந்து கண்டவராக முடியும். நான் 1976-இல் செய்ய முற்பட்டது அதுவே. பதிகங்களுக்கிடையே ஸங்கதி காட்டி வியாக்கியாதாக்கள் நமக்குக் கற்பித்த முறையைக் கையில் வைத்துக்கொண்டே, அதைப் பயன்படுத்தாமல் அளவுகோலைத் தேடினேன்.

தலபுராணங்கள் பதிகத்துக்கு முந்தியவையா பிந்தியவையா என்று கேட்டால், காலவர் கதையின் சாயல் பதிகத்தில் வெளிப்படையாக இல்லை என்பதே என் விடை. பெண்ணுக்காகத் தாய் மன்றாடும் பதிகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட ஊரில், பெண்களுக்காக ஒரு தகப்பன் காத்திருக்கும் கதை வேரூன்றியது என்றே நினைக்கிறேன். பாட்டில் தாய் கேட்டதற்குப் புராணம் விடை சொல்கிறது: வந்தான், ஒருவரையும் விடவில்லை. இது என் ஊகம். பிரமாணம் கேட்பாருக்கு என்னிடம் காட்ட ஏடு இல்லை.

அன்று நாங்கள் இடவெந்தை சேர்ந்தபோது ஒன்பதரை மணி. கல்யாண தீர்த்தத்தில் கால் கழுவிக்கொண்டு உள்ளே சென்றோம். அகிலவல்லி நாச்சியாரைத் தாங்கி நிற்கும் மூலவரையும், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு நிற்கும் உத்ஸவரையும் ஸேவித்தோம். ஏழாம் திருமொழியை என் தகப்பனார் வழியில் சொல்லவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்து ஸந்நிதியில்தான் தொடங்கினார். பாதிக்கு மேல் குரல் கம்மிவிட்டது. மீதியை நான் சொன்னேன்.

சென்ற தை மாதத்தில் அந்த வழியில் மீண்டும் போக ஆசைப்பட்டேன். என்னிடம் பாடம் கேட்கும் ஒரு பிள்ளை உடன் வந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. மணல்மேட்டுப் பாதை நெடுகிலும் சுற்றுச்சுவர்கள், விடுதிகள், நெம்மேலிப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. கரையோரமாகவே நடந்தோம். பட்டிபுலம் வரை முழங்கால் பொறுத்தது. அதற்கு மேல் ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். போகும் வழியில் அப்பிள்ளைக்குக் கழியைக் காட்ட எண்ணி மேற்கே பார்த்தேன். கட்டடங்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் சிறிது நீர் தெரிந்தது. “இது கால்வாய்தானே ஸ்வாமி?” என்றான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

என் தகப்பனார் பரமபதித்தபின் அவருடைய புத்தகங்களை அடுக்கியபோது அந்த 1976 மலர் கிடைத்தது. என் கட்டுரையில், பதிகவரிசை மாறியிருக்க வேண்டும் என்ற இடத்தில், ஓரத்தில் பென்சிலால் மூன்று சொற்கள் எழுதியிருந்தார்: நடந்து பார்க்கவில்லை, பாவம். அதன் கீழே, வேறொரு நாளில் எழுதியது போல மையினால், ‘நடந்தாயிற்று’ என்றும், தை மாதத்து அந்தத் தேதியும்.